பவுடர்காரரின் தலையணை

ஜனவரி 9

அன்புள்ள மேலிடத்துக்கு,

கடல் கடந்து வந்து சேர்ந்துவிட்டேன். போனில் பேசமாட்டேன், சொல்லவேண்டியதை எழுதித் தொலையுங்கள் என்று நீ வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. போனில் என்றால் நான் ஜோக் அடித்து நழுவிவிடுவேனாம், எழுத்தில் என்றால் மாட்டிக்கொள்வேனாம். பள்ளிக்கூடத்தோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தவன் நான். பிழைகளை முடி மாதிரி நினைத்துக்கொள். நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடு.

டிக்கெட் விஷயத்தை இங்கே கிளறப்போவதில்லை. அது பாக்கெட்டில் ஏறின பிறகுதான் உன்னிடம் சொன்னேன் என்பது உன் கட்சி. முன்னாடியே சொல்லியிருந்தால் நீ விட்டிருக்கவே மாட்டாய் என்பது என் கட்சி. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று நம் சலூனை இடித்துத் தள்ளிவிட்டார்கள். புதுக் கட்டடம் எழும்பி அதில் எனக்கொரு கடை கிடைக்கிற வரைக்கும், வீட்டு ஹாலில் கொண்டுவந்து போட்ட அந்தச் சலூன் நாற்காலியில் நானே உட்கார்ந்து எனக்கே முடிவெட்டிக்கொண்டிருக்க முடியுமா? வெட்டுவதற்குத்தான் என் தலையில் என்ன இருக்கிறது.

இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கும் கடை பெரிசு. ஏழு நாற்காலி, சுற்றிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசையாக வழுக்கைத் தலைகள் தெரிகின்றன. யாரப்பா இத்தனை பேர் என்று பார்த்தால் எல்லாம் நான்தான். கடையை நடத்துவது ஒரு பெண்மணி, மேடம் என்று கூப்பிடுகிறோம். முதல் நாளே கூப்பிட்டுச் சொன்னார்: "எல்லாம் உங்க இஷ்டம். ஆனா இந்தக் கடையில பவுடர் கிடையாது."

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு. முடிவெட்டி முடித்துப் பிரஷ்ஷைப் பவுடரில் தோய்த்துப் பிடரியில் இரண்டு தட்டு தட்டினால்தானே நம் தெருவில் ஆள் எழுந்திருப்பான்? பவுடர்காரர் என்று பேரெடுத்தவன் நான். நான் உள்ளே நுழையும்போதே "மாவுமில்லு வந்தாச்சு" என்று அறிவிப்பாயே, அந்த மில்லை இங்கே இழுத்து மூடிவிட்டார்கள்.

கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி நிறைய பவுடர் டின் வைத்திருக்கிறேன், பழைய கடைச் சரக்கு. ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பாக்கெட்டில் இப்போது எதையும் ஒளித்து வைக்காத
உன் பவுடர்காரன்


ஜனவரி 28

கடிதம் கிடைச்சுது.

நல்லா இருக்கேன். மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போறேன், வர்றேன். புதுசா ஒரு பிரேம் வந்திருக்கு. போட்டா எல்லாரும் ஆந்தை மாதிரி இருக்காங்க, ஆனா அதைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க.

உங்க நாற்காலி பாதி ஹாலை அடைச்சுக்கிட்டு நிக்குது. விலைக்குப் போட்டுடலாம்னு பாத்தேன். உங்க பொண்ணு வாரக்கடைசியில வந்தா அதுல சாஞ்சு உக்காந்துதான் குழந்தைக்குப் பால் குடுக்கிறா. அதனால தப்பிச்சுது.

போன வாரம் பேத்தியைக் குளிப்பாட்டிட்டு, சும்மா கிடக்கே, உங்க டின்லேர்ந்து கொஞ்சம் போடலாம்னு எடுத்தேன். உங்க பொண்ணு பாஞ்சு வந்து கையைப் பிடிச்சுட்டா. குழந்தை டாக்டர் கூடவே கூடாதுன்னுட்டாராம். தூவுறப்ப பறக்கிறது மூச்சோட உள்ள போய் நுரையீரல்ல உக்காந்துக்குமாம். பொம்பளைங்க இடுப்புக்குக் கீழயும் போடாம இருக்கிறது நல்லதாம். அதனால புத்துநோய் வருதுன்னு சிலபேர் சொல்றாங்க, அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு சிலபேர் சொல்றாங்களாம். "சந்தேகத்துல இருக்கிற சாமானை எதுக்கும்மா குழந்தை மேல கொட்டணும்"ங்கிறா. உன்னையும் அதுலயே புரட்டித்தானே வளர்த்தோம்னு கேட்டேன். "அதான் இப்படி எதிர்த்துப் பேசுறேன்"னுட்டுப் போயிட்டா.

எனக்கு லேசா இருமல். ரோடு வெட்டுற தூசி. வேற ஒண்ணுமில்ல.


பிப்ரவரி 20

அன்புள்ள மேலிடத்துக்கு,

உன் கடிதத்தை ஒருமுறை தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தேன். மேலே ஓர் "அன்புள்ள" இல்லை, கீழே ஒரு கையெழுத்து இல்லை. கரண்ட் பில் கட்டாதவனுக்கு வரும் நோட்டீசில்கூட "ஐயா" என்று ஒரு வார்த்தை இருக்கும். போகட்டும், கையெழுத்து உன்னுடையது. அது போதும்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. என் பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு டின் பவுடரைக் கடத்திக்கொண்டு வந்திருந்தேன். போன வாரம் ஒரு லாரி டிரைவர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சைக் கேட்டதும் நம் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. வெட்டி முடித்து ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்தேன். மனிதர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணே, அந்த ரெண்டு தட்டு தட்டிடுங்களேன், ஊருக்குப் போய் வருஷக்கணக்கா ஆச்சு" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. மேடம் உள்ளே போன சமயம் பார்த்து டின்னை எடுத்துத் தட்டினேன். கைப்பழக்கம் விடுமா? ஊருக்கே காட்டுகிற மாதிரி ஒரு வெண்புகை. டிரைவர் தும்மினார். பக்கத்து நாற்காலியில் கால்வாசி மீசையோடு இருந்தவர் தும்மினார், அவர் மீசை அரைக்கால்வாசி ஆனது. மூன்றாவது தும்மல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அது மேடம்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். இந்தப் பவுடர் கல்லாம். கல்லை வெட்டியெடுத்துப் பொடி பண்ணி வாசனை சேர்த்ததாம். மண்ணுக்கடியில் அதற்குப் பக்கத்திலேயே நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் கல்லும் படுத்திருக்கலாமாம், தோண்டும்போது ஒன்றோடொன்று கலந்துவிடுகிற ஆபத்து உண்டாம். "அது கலக்காத நல்ல பவுடராவே இருக்கட்டும் சார். கஸ்டமர் கால் மணி நேரம் உக்காந்துட்டுப் போயிடுவாரு. நாள் பூரா இந்தக் காத்தை இழுக்கிறது நீங்களும் நானும்தானே" என்றார். எதிர்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். இன்னொரு தும்மல்தான் வந்தது. டின் பறிமுதல்.

சாயங்காலம் கடையைவிட்டு வெளியே வந்ததும் கை தன்னாலே சட்டையைத் தட்டுகிறது. உதிர்வதற்கு ஒன்றுமில்லை. வாசலில் நிறுத்தி என் முதுகைத் தட்டிவிடுவாயே, கோபம் இருக்கிற நாளில் கொஞ்சம் பலமாக. அந்த அடிக்கு முதுகு ஏங்கிப்போய்க் கிடக்கிறது.

இருமல் நின்றதா?

உன் பவுடர் இல்லாத பவுடர்காரன்


மார்ச் 22

கடிதம் கிடைச்சுது. தும்மல் கதையை உங்க பொண்ணுகிட்ட வாசிச்சுக் காட்டினேன். சிரிச்சா. நானும் சிரிச்சேன், அதுல இருமல் வந்துடுச்சு.

நிக்கலை. ரோடு போட்டு முடிச்சு லாரியெல்லாம் போயாச்சு, இருமல் மட்டும் போகலை. உங்க பொண்ணு விடாம டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. அவரு கேள்வி மேல கேள்வி. மாவு மில்லுல வேலையா? சிமெண்ட் கடையா? மர வேலையா? கண்ணாடிக் கடைன்னேன். "அங்க என்னம்மா தூசி"ன்னு அவரே குழம்பிட்டாரு. நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்தாரு. கீழ்ப் பக்கம் லேசா மங்கலா இருக்காம். மருந்து குடுத்திருக்காரு, கொஞ்ச நாள் விட்டு இன்னொரு படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் எதையும் சொல்லுவாராம். வீட்டுல எங்கயாவது தூசி இருந்தா ஒழிச்சுக்கட்டச் சொன்னாரு.

கடையிலயும் மானம் போகுது. ஊரார் கண்ணாடியெல்லாம் துடைச்சுக் குடுக்கிறவ நான், என் கண்ணாடியில தினமும் காலையில ஒரு வெள்ளைப் படலம். பக்கத்து கவுண்டர்காரி, "அக்கா, நீங்க பனியில படுத்துத் தூங்குறீங்களா"ன்னு கேக்குறா.

நீங்க ஒண்ணும் ஓடி வர வேண்டாம். ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவரு, அங்கயே இருங்க.

ஒண்ணு கேக்கணும். அந்தப் பவுடரை எந்தக் கடையில வாங்குவீங்க? பெட்டி காலி.


ஏப்ரல் 12

அன்புள்ள மேலிடத்துக்கு,

மங்கல் என்கிற வார்த்தையைப் படித்ததிலிருந்து கத்தரிக்கோல் கையில் நிற்கவில்லை. நேற்று ஒருவருக்கு ஒரு பக்கக் கிருதாவை ஏற்றி வைத்துவிட்டேன். சமன் பண்ண இன்னொரு பக்கமும் ஏற்றி, திரும்ப முதல் பக்கம் ஏற்றி, கடைசியில் அவர் கிருதாவே இல்லாத மனிதராக வீட்டுக்குப் போனார்.

அது இருக்கட்டும். பெட்டி எப்படிக் காலி?

நாலு நாற்காலி போட்டுத் தொழில் நடத்துகிறவனுக்கே அந்தப் பெட்டி நெடுநாள் வரும். பேத்திக்குப் போடக்கூடாது. மகள் தொடமாட்டாள். நீயோ கல்யாணத்தன்றுகூடப் பவுடரைத் தொடாத ஆள், என் பக்கத்தில் நின்று நீ நீயாகவும் நான் சுண்ணாம்படித்த சுவராகவும் இருக்கிற போட்டோ சாட்சி. அப்புறம் யார்தான் பூசிக்கொண்டார்கள்? எனக்குத் தெரியாமல் ஹாலில் அந்த நாற்காலியைப் போட்டு நீயே சலூன் ஆரம்பித்துவிட்டாயா? இல்லை, தலையில் முடியுள்ள வேறு சலூன்காரன் எவனாவது வந்துபோகிறானா? முடி இருந்தால் சொல்லிவிடு, போட்டியிலிருந்து கௌரவமாக விலகிக்கொள்கிறேன்.

மேலே உள்ள பாராவை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். காலையில் கண்ணாடியில் வெள்ளைப் படலம். ரோட்டுத் தூசி வெள்ளையாகவா இருக்கும்? டாக்டர் மாவு மில்லா என்று கேட்டாரே, நீ ஏன் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை?

எனக்குச் சிரிப்புக் காட்டத்தான் தெரியும் என்று நீ சொல்லுவாய். இந்த ஒரு வரியில் சிரிப்பு கிடையாது. அந்தப் பவுடரை என்ன பண்ணுகிறாய்? எழுது.


மே 3

எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். உங்க பொண்ணுகிட்டகூடச் சொல்லலை. சொன்னா சிரிப்பா. சிரிக்கலைன்னா அது இன்னும் மோசம்.

நீங்க கிளம்பின அன்னிக்கு எனக்கு வந்த கோபத்துக்கு, உங்க சாமான் எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண் மேல போட்டேன். படுக்கை விரிப்பு, உங்க துண்டு, தலையணை உறை எல்லாத்தையும் உருவிக் கொதிக்கிற தண்ணியில ஊற வெச்சு, சோப்புப் போட்டு அடிச்சுத் துவைச்சேன். இனிமே இந்த வீட்டுல அந்த ஆள் வாசமே இருக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே துவைச்சேன். பக்கத்து வீட்டுல கேட்டிருக்கும்.

காஞ்சதும் எடுத்துப் போட்டுட்டுப் படுத்தா, நிஜமாவே இல்லை. சோப்பு வாசம்தான் அடிக்குது. வேற யாரோ வீட்டுல படுத்த மாதிரி இருந்துச்சு. தூக்கம் வரலை. ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் கட்டிலுக்கடியிலேர்ந்து ஒரு டின்னை எடுத்தேன்.

உங்க தலையணை மேல கொஞ்சம் தூவிட்டு, நீங்க துண்டை உதறுவீங்களே, அந்த மாதிரி ரெண்டு கையாலயும் தட்டினேன். அவ்வளவுதான், கடையை மூடிட்டு வந்து படுத்த மாதிரி ஆயிடுச்சு. முகத்தை வெச்சுத் தூங்கிட்டேன். முதல்ல ஒரு கை தூவினா ரெண்டு நாள் வந்துச்சு. அப்புறம் தினமும் போட வேண்டியதாச்சு. அப்புறம் போட்டாலும் பத்தலை. எனக்கே தெரியுது பைத்தியக்காரத்தனம்னு. இருபது வருஷத்துக்கு மேல உங்களை வாசல்ல நிறுத்தி, இந்தக் கருமத்தை உதறிட்டு உள்ள வாங்கன்னு கத்தினவ நான்.

டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். சிரிக்கலை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு. "இன்னிக்கே நிறுத்துங்கம்மா"ன்னாரு. நிறுத்திடுவேன். தெருக்கடையில வாங்கினது இன்னும் ஒரு டின்தான் பாக்கி இருக்கு.

நிறுத்தினா நீங்க திரும்பவும் கிளம்பிப் போற மாதிரி இருக்குமேன்னுதான்.


மே 20

அன்புள்ள மேலிடத்துக்கு,

உன் கடிதத்தை மத்தியானம் கடையின் பின்பக்கம் துண்டு காயப்போடுகிற இடத்தில் நின்று படித்தேன். மேடம் வந்து பார்த்துவிட்டு, என் அடுத்த கஸ்டமரைத் தன் நாற்காலிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

ஒரு நியாயம் சொல்கிறேன், கேள். நீ தட்டித் தட்டி முகம் புதைக்கிறாயே, அந்த ஆள் இப்போது உலகத்திலேயே இல்லை. இங்கே வந்த நாளிலிருந்து, அந்த டிரைவர் பிடரியைத் தவிர, என் மேல் ஒரு சிட்டிகை பவுடர் பட்டதில்லை. இப்போது என் மேல் அடிப்பது வேறு வாசம். ஈரத்துண்டு, ஷேவிங் கிரீம், மத்தியான வெயில், கொஞ்சம் நானே. நீ அங்கே எவனோ ஒரு பழைய பவுடர்காரனோடு குடித்தனம் நடத்துகிறாய். கட்டினவன் இங்கே உயிரோடு இருக்கும்போது இது அடுக்குமா?

ஆகவே உண்மையான ஆசாமியை அனுப்புகிறேன். கூட வரும் பார்சலில் என் நீலக் கட்டம் போட்ட சட்டை இருக்கிறது. ஒரு வாரம் விடாமல் போட்டேன். அறையில் என்னோடு தங்கியிருக்கும் எங்கள் கடை ஹேர்டை ஸ்பெஷலிஸ்ட் மூன்றாம் நாளே ஜன்னல் பக்கம் கட்டிலை மாற்றிக்கொண்டார்.

தபாலாபீஸ் கவுண்டரில் இருந்த தமிழ்க்கார அம்மா "உள்ள என்ன" என்று கேட்டார். சட்டை என்றேன். "புதுசா?" "இல்லைங்க, அழுக்குச் சட்டை." "துவைச்சு அனுப்பலாமே." "துவைச்சா பிரயோஜனம் இல்லைங்க." பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கு?" "சம்சாரத்துக்கு." முத்திரையைப் பார்சலுக்கு வலிக்காத மாதிரி மெதுவாகக் குத்தினார்.

தலையணைக்கு இந்தச் சட்டையைப் போட்டுவிடு. அந்தக் கடைசி டின்னைத் தூக்கிப் போடு. பக்கத்து வீட்டுக்குத் தானம் பண்ணிவிடாதே, அவர்களுக்கும் நெஞ்சு இருக்கிறது.

உன் இன்றைய தேதியிட்ட புருஷன்


ஜூன் 18

பார்சல் வந்துச்சு. பிரிச்சதும் உங்க பொண்ணு மூக்கைப் பொத்திக்கிட்டு ஹாலைத் தாண்டி ஓடினா. அவ வாளியைக் கொண்டு வர்றதுக்குள்ள நான் சட்டையைப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். "என்னம்மா, நகையா"ங்கிறா.

நாத்தம்தான். இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா நீங்க சொன்னது சரி, வேற வாசம். முதல் நாள் யாரோ தெரியாத ஆள் மாதிரி இருந்துச்சு. காலர்கிட்ட மட்டும் நீங்க இருந்தீங்க. அங்கதான் முகத்தை வெச்சுக்கிறேன்.

கடைசி டின்னை வாளித் தண்ணியில கொட்டிக் கலக்கினேன், பறக்காம இருக்கட்டும்னு. எவ்வளவு கலக்கியும் கரையலை. உங்க மேடம் சொன்ன மாதிரி கல்லுதான். கல்லு எங்க கரையும், உங்களை மாதிரி. அடியில உக்காந்ததை அப்படியே மூட்டை கட்டிக் குப்பைக்குப் போட்டாச்சு.

இருமல் குறைஞ்சிருக்கு. அடுத்த மாசம் ரெண்டாவது படம். உங்க பொண்ணு தைரியமா இருக்கிற மாதிரி நடிக்கிறா. எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு, இதை உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.

அந்தப் புதுக் கட்டடம் தூணோட நிக்குது. மேல எழும்புற மாதிரி தெரியலை. நாற்காலியில உக்காந்துதான் இதை எழுதுறேன். காலால மிதிச்சு மேலயும் கீழயும் போய்ப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. விக்கலை.


ஜூலை 6

அன்புள்ள மேலிடத்துக்கு,

மேடத்திடம் பேசிவிட்டேன். எழுதிக்கொடுத்த ரெண்டு வருஷத்தில் பாதிகூட முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். தலையணை வரைக்கும் சொல்ல வேண்டியதாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கேட்டுவிட்டு, "நான் கடையில மட்டும்தான் தடை போட முடியும் சார். ஏக்கத்துல வீட்டுல தூவுறவங்களை நான் எப்படித் தடுக்கிறது? நீங்களே போய்த் தடுங்க" என்றார். அந்த லாரி டிரைவரின் மைத்துனர் முடிவெட்டுகிறவராம். என் நாற்காலிக்கு அவர் வரத் தயார்.

புதுக் கட்டடம் தூணோடு நிற்கட்டும். ஹாலில் ஒரு நாற்காலி இருக்கிறது, சுவரில் மாட்ட ஒரு கண்ணாடி உன் கடைக்காரரிடம் சொன்னால் கிடைக்கும், துண்டு நம் வீட்டிலேயே உண்டு. பவுடர் மட்டும் இல்லாத சலூன். தெருவில் பேரை மாற்றி வைப்பார்கள். வைக்கட்டும்.

இன்று டிக்கெட் விற்கிற ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். போன தடவை டிக்கெட்டோடு உன் முன்னால் வந்து நின்றேன். இந்தத் தடவை வெறுங்கையோடு, எழுத்தில், மாட்டிக்கொள்கிற மாதிரியே கேட்கிறேன். படம் எப்படி வந்தாலும் சரி.

வரட்டுமா?


ஜூலை 25

ஏங்க,

ரெண்டாவது படம் எடுத்தாச்சு. டாக்டர் வெளிச்சத்துல பிடிச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாரு. அந்த மங்கல் இப்ப இல்லை. எனக்கு ஒண்ணும் புரியலைன்னாலும் புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். இனிமே எந்தத் தூசியும் கிட்ட வரக் கூடாது, ஆறு மாசம் கழிச்சு வந்து ஒரு தடவை காட்டிட்டுப் போங்கன்னாரு. உங்க பொண்ணு வெளிய வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா, எதிர்த்தே பேசலை.

அதனால நீங்க வர்றதுக்கு ஒரு அவசியமும் இல்லை. அவசியம் இல்லாம வாங்க.

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கேன், வெளிச்சம் நல்லா விழுது. சுவர்க் கண்ணாடிக்கு அளவு எடுத்தாச்சு.

சட்டையில காலர் வாசமும் போயிடுச்சு. இப்ப அது வெறும் அழுக்குச் சட்டை. நேத்து எடுத்துத் துவைச்சுக் காயப்போட்டுட்டேன். இன்னொண்ணு அனுப்புறேன்னு தபாலாபீசுல போய் நிக்காதீங்க. அனுப்புறதா இருந்தா, உள்ள ஆளை வெச்சு அனுப்புங்க.

உங்க
மாவுமில்லுக்காரர் சம்சாரம்